நஞ்சும் நாட்காட்டியும்: ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலின் வரலாறு

எரிமலைச் சாம்பலில் எரிந்து தணிந்த பொருள் எதுவும் இல்லை. நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு மேலெழும்போது, அதில் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும் அழுத்தம் குறைந்ததும் நுரைத்துப் பெருகிக் குழம்பைச் சிதறடிக்கின்றன; சிதறிய துளிகள் படிகமாக உறைய நேரமின்றி நொடிப்பொழுதில் கண்ணாடியாக இறுகிவிடுகின்றன. இப்படிப் பிறக்கும் துணுக்குகளில் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றையே நிலவியலாளர் சாம்பல் என்கின்றனர். சிறிதும் பெரிதுமாக எரிமலை வானில் வீசும் திடப்பொருள் அனைத்துக்கும் பொதுவாக ‘டெஃப்ரா’ என்ற பெயர் வழங்குகிறது.

இந்தத் துணுக்கு ஒவ்வொன்றிலும் இருவகை வேதியியல் அடங்கியுள்ளது. உட்பகுதியான கண்ணாடியின் இயைபு, அது எந்த மலையின் அடியில் எவ்வகைக் குழம்பிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டும். மேற்பரப்பில் வாயுக்களிலிருந்து படிந்த உப்புகளோ, அது விழுந்த நிலத்தில் புல்லுக்கும் ஆட்டுக்கும் மனிதருக்கும் என்ன நேரும் என்பதைத் தீர்மானிக்கும். முன்னது தக்க மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் நிற்கும். பின்னது சில வார மழையில் கரைந்துபோகும். ஐஸ்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகளை எழுதியவர்கள் பின்னதன் விளைவுகளை மட்டுமே கண்டனர். முன்னதைப் படிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒழிய அத்தீவின் வரலாறு முழுமை பெறாது.

வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் நடு அட்லாண்டிக் முகடு கடல்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் இடமே ஐஸ்லாந்து. அதன் அடியில் புவியின் ஆழத்திலிருந்து வெப்பப்பொருள் தொடர்ந்து எழுந்துகொண்டிருப்பதால், ஏறத்தாழ முப்பது எரிமலைத் தொகுதிகள் அங்கே உயிர்ப்புடன் உள்ளன. அவற்றின் குழம்பில் பெரும்பகுதி சிலிக்கா குறைந்து, இரும்பும் மக்னீசியமும் மிகுந்து, எளிதில் ஓடும் பசால்ட் ஆகும். பசால்ட் பொதுவாக அமைதியாக வழிந்தோடும் இயல்புடையது என்றாலும், ஐஸ்லாந்தில் கட்லா, கிரிம்ஸ்வோத்ன் போன்ற எரிமலைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தடித்த பனியாறுகளின் அடியில் இருப்பதால் கதை மாறுகிறது. உருகிய பனிநீரும் ஆயிரம் பாகை வெப்பமுள்ள குழம்பும் சந்திக்கும்போது நீர் வெடித்து ஆவியாகி, குழம்பு மிக நுண்ணிய தூளாக நொறுங்குகிறது. சிலிக்கா மிகுந்து, பிசுபிசுத்து, வாயுவைச் சிறைப்பிடித்து வைக்கும் ரயோலைட் குழம்பு சாம்பலாக வெடிக்கப் பனியின் துணையும் தேவையில்லை. ஹெக்லா, ஆஸ்க்யா, ஓராய்வாயோகுட்ல் ஆகிய மலைகள் அவ்வகைக் குழம்பையும் அவ்வப்போது கக்கியுள்ளன.

நாட்டின் குடியேற்ற வரலாறு தொடங்குவதே ஒரு சாம்பல் படலத்திலிருந்துதான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரி தோர்கில்சன் எழுதிய ‘இஸ்லெண்டிங்காபோக்’ என்னும் சுருக்கமான வரலாற்று நூல், நார்வேயிலிருந்து மக்கள் வந்து குடியேறிய காலத்தை, இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்ட் கொல்லப்பட்ட 870-ஐ ஒட்டியதாகக் குறிக்கிறது. நிகழ்ச்சிகள் நடந்து இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட இக்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயத்துக்கு மண்ணிலேயே ஒரு சான்று இருந்தது. ஐஸ்லாந்தின் பெரும்பகுதியில் குடியேற்றக் காலத்து மண்ணுக்குச் சற்றே கீழோ அதை ஒட்டியோ, அடியில் வெளிறியும் மேலே கருத்தும் இருநிறமாகத் தோன்றும் ஒரு சாம்பல் படலம் கிடக்கிறது. வெளிறிய பகுதி டோர்ஃபாயோகுட்ல் மலையின் ரயோலைட். கருத்த பகுதி அதே வெடிப்பில் வட்னா ஓல்டுர் பிளவுகளிலிருந்து எழுந்த பசால்ட். இவ்விருவகைக் கண்ணாடியும் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் துளையிட்டு எடுத்த பனித்தண்டின் ஒரே ஆண்டடுக்கில் கண்டறியப்பட்டபோது, அதன் காலம் 871, இரண்டாண்டு முன்பின், என்று 1995-இல் கணிக்கப்பட்டது.

ரெய்க்யவிக் நகரின் ஆதல்ஸ்ட்ரைட்டி தெருவில் 2001-இல் தோண்டியபோது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நீள்வீடு ஒன்றின் அடித்தளம் அப்படலத்தின் மேல் இருந்ததும், அதன் அருகே புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய சுவரின் ஒரு துண்டு அதே படலத்தின் கீழ் இருந்ததும் தெரியவந்தன. சாம்பல் விழுவதற்கு முன்பே அங்கு யாரோ சுவர் எழுப்பியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் வேண்டுவதில்லை. அவ்விடத்தில் 2006-இல் திறக்கப்பட்ட காட்சியகத்துக்கு 871±2 என்ற எண்ணே பெயராயிற்று. பின்னாளில் கிரீன்லாந்துப் பனித்தண்டுகளின் ஆண்டுக்கணக்கில் சில ஆண்டுகள் பிசகியிருந்ததாகக் கண்டு திருத்தியதில், அச்சாம்பல் விழுந்த ஆண்டு 877-ஐ ஒட்டியதாக நகர்ந்துவிட்டது. ஆறாண்டு வேறுபாட்டால் ஆரியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

சாம்பல் படலங்களை ஆண்டுகாட்டியாகப் பயன்படுத்தும் முறையை ஒரு தனித் துறையாக நிறுவியவர் சிகுர்தூர் தோராரின்சன். ஸ்வீடனில் பயின்று, ஐஸ்லாந்தின் சாம்பல் படலங்களைப் பற்றி 1944-இல் ஸ்டாக்ஹோமில் முனைவர் பட்ட ஆய்வேடு வழங்கிய அவர், ‘டெஃப்ரா’ என்ற சொல்லையும், படலங்களைக்கொண்டு காலம் கணிக்கும் முறைக்கு ‘டெஃப்ரோகுரோனாலஜி’ என்ற பெயரையும் நிலவியலுக்குத் தந்தார். அவருடைய கருவிகள் மிக எளியவை: மண்வெட்டி, அளவுகோல், குறிப்பேடு, தேவாலயங்களிலும் மடங்களிலும் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்புகள். ஓரிடத்தில் குழி வெட்டி, ஒவ்வொரு படலத்தின் நிறத்தையும் தடிப்பையும் மணியளவையும் குறித்து, அடுத்த பள்ளத்தாக்கில் அதையே செய்து, நாடெங்கும் பெற்ற அளவுகளை வரைபடத்தில் இணைத்தால், படலம் எந்த மலையை நோக்கித் தடிக்கிறதோ அதுவே பிறப்பிடம். அம்மலை வெடித்ததாக எந்த ஆண்டில் குறிப்பு இருக்கிறதோ அதுவே காலம்.

ஹெக்லாவின் வடமேற்கே உள்ள த்யோர்சார்தாலூர் பள்ளத்தாக்கில் 1939-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் தொல்லியலாளர்கள் கூடிப் பல பண்ணைவீடுகளை அகழ்ந்தனர். வெண்மையான நுரைக்கல் தூளின் அடியில் ஸ்டோங் என்னும் பண்ணையின் கூடமும் பால்பொருள் அறையும் கொட்டிலும் சுவர்க்கோடு கலையாமல் வெளிப்பட்டன. இப்பள்ளத்தாக்கு 1300-ஆம் ஆண்டு ஹெக்லா வெடிப்பில் கைவிடப்பட்டது என முதலில் கருதிய தோராரின்சன், மேலும் படலங்களை அளந்தபின் தம் முடிவைத் தாமே மாற்றி, அது 1104-இல் நிகழ்ந்தது என்றார். மக்கள் குடியேறிய பின் ஹெக்லா வெடித்ததாகத் தெரியும் முதல் நிகழ்ச்சி அதுவே. நாட்டின் வடபகுதி முழுவதும் வெண்சாம்பல் அப்போது பரவியது. ஸ்டோங் பண்ணையில் 1104-க்குப் பின்னும் மக்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று பிற்காலத் தொல்லியலாளர் சிலர் பானைகளையும் கட்டடங்களையும் காட்டி வாதிட்டுள்ளனர். சாம்பல் விழுந்த நாளும் மக்கள் வெளியேறிய நாளும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், இவ்வாதம் தள்ளிவிடத் தக்கதன்று.

காலம் தெரிந்த இரு படலங்களுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் மண் சேர்ந்துள்ளது என்று அளந்த தோராரின்சன், வெடிப்புகளோடு தொடர்பில்லாத வேறொரு வரலாற்றையும் அதிலிருந்து எடுத்தார். மனிதர் வருவதற்கு முன் மிக மெதுவாகச் சேர்ந்த மண், குடியேற்றத்துக்குப் பின் பலமடங்கு விரைவாகக் குவிந்திருந்தது. பிர்ச் மரக்காடுகளை வெட்டி எரித்து, செம்மறி ஆடுகளை மலைமேல் மேயவிட்டதால் பற்றிழந்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டுபோய்த் தாழ்நிலங்களில் கொட்டியதே இதன் காரணம். எரிமலைகளின் கொடுமையைப் பேசும் நூல்கள் இந்த அளவீட்டைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுவது வருந்தத்தக்கது. ஐஸ்லாந்தின் நிலம் வறண்டதில் மனிதருக்கும் ஆட்டுக்கும் உள்ள பங்கை மெய்ப்பித்துக் காட்டியதும் சாம்பலே.

ஒரு மாவட்டத்தின் பெயரையே மாற்றிய சாம்பலும் உண்டு. தென்கிழக்கில் வட்னயோகுட்ல் பனியாற்றின் அடிவாரத்தில் ‘லிட்லா ஹெராத்’, அதாவது சிறு மாவட்டம், என்று வழங்கிய செழிப்பான பண்ணைப் பகுதி, 1362-இல் அதன் தலைக்குமேல் நின்ற மலை வெடித்தபோது முழுவதும் அழிந்தது. ஐஸ்லாந்தின் எழுதப்பட்ட வரலாற்றில் மிகுதியான ரயோலைட் சாம்பலைக் கொட்டிய வெடிப்பு அதுதான். ஏறத்தாழ 10 கன கிலோமீட்டர் அளவுக்கு டெஃப்ரா விழுந்ததாகத் தோராரின்சன் கணக்கிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து மக்கள் மெல்லத் திரும்பியபோது அப்பகுதிக்குப் ‘பாழ்நிலம்’ என்ற பொருளில் ‘ஓராய்வி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது; வெடித்த மலையும் அப்பெயரையே சுமந்து ஓராய்வாயோகுட்ல் ஆயிற்று.

மண்வெட்டியும் ஆண்டுக்குறிப்பும் ஐஸ்லாந்துக்குள் போதுமாயிருந்தன. கடல் கடந்து, ஒரு சதுப்பில் கண்ணுக்கே தெரியாத சில நூறு துணுக்குகளாகச் சாம்பல் கிடைக்கும்போது நிறமோ தடிப்போ உதவாது. இங்குதான் கண்ணாடியின் வேதியியல் தேவைப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணாய்வி என்ற கருவி, சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள எலக்ட்ரான் கற்றையை ஒரே துணுக்கின் மெருகேற்றிய பரப்பில் செலுத்தி, அதிலிருந்து வெளிப்படும் எக்ஸ் கதிர்களைக்கொண்டு சிலிக்கா, டைட்டேனியம், அலுமினியம், இரும்பு, கால்சியம், சோடியம், பொட்டாசியம் முதலிய ஆக்சைடுகளின் விழுக்காட்டைச் சொல்லிவிடும். கற்றையின் வெப்பத்தில் சோடியம் நகர்ந்து ஓடிவிடும் என்பதால், அகலக் கற்றையோ குறைந்த மின்னோட்டமோ இல்லாமல் அளந்த பழைய முடிவுகளில் சோடியம் குறைவாகவே காணப்படும். துறையினர் பழைய அட்டவணைகளை எச்சரிக்கையுடன் ஒப்பிடுவது இதனால்தான்.

ஒரே தீவின் மலைகள் இவ்வளவு வேறுபடுமா என்று கேட்கலாம். கட்லாவின் பசால்ட்டில் டைட்டேனியம் ஆக்சைடு 4 விழுக்காட்டைத் தாண்டும். கிரிம்ஸ்வோத்னின் பசால்ட்டில் அது 3 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும், பொட்டாசியமும் குறைவு. நிலத்தடியில் மூலப்பாறை எவ்வளவு ஆழத்தில் எத்தனை விழுக்காடு உருகியது, மேலெழும் வழியில் எந்தப் படிகங்கள் முதலில் பிரிந்து தங்கின என்பவை மலைக்கு மலை வேறுபடுவதே இதற்குக் காரணம். ஹெக்லாவில் தோராரின்சன் கண்ட ஒழுங்கு இன்னும் வியப்புக்குரியது: அம்மலை எத்தனை ஆண்டுகள் உறங்குகிறதோ அத்தனைக்கு அடுத்த வெடிப்பின் முதல் சாம்பலில் சிலிக்கா மிகுந்திருக்கும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்த 1104-இல் வெண்சாம்பல். பத்தாண்டு இடைவெளிகளில் வெடித்த அண்மைக் காலத்தில் பழுப்பும் கறுப்பும். குழம்பு நிலத்தடியில் காத்திருக்கும் காலம் அதன் மேற்பகுதியின் இயைபிலேயே பதிந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் பீட் சதுப்புகளில், அதாவது தாவர எச்சம் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஈரநிலங்களில், ஹெக்லாவின் ஏறத்தாழ 4,200 ஆண்டுப் பழமையுள்ள வெடிப்பின் துணுக்குகளை ஆண்ட்ரூ டக்மோர் 1989-இல் அடையாளம் காட்டியபின், வடமேற்கு ஐரோப்பா எங்கும் இத்தேடல் பரவியது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ‘வெட்டே’ என்று வழங்கும் சாம்பல். சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் குளிர் மீண்டும் திரும்பிவந்த ‘யங்கர் டிரையாஸ்’ காலத்தின் நடுவில் கட்லா கக்கிய இச்சாம்பல், கிரீன்லாந்துப் பனியிலும் ஸ்காட்லாந்து, ஸ்வீடன், ரஷ்யா, சுவிட்சர்லாந்து ஏரிகளிலும் கிடைக்கிறது. ஜெர்மனியின் மீர்ஃபெல்டர் மார் ஏரியிலும் நார்வேயின் குரோகனேஸ் ஏரியிலும் உள்ள படிவுகளை இச்சாம்பலைக்கொண்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததில், அக்குளிர்காலத்தின் நடுவே தட்பவெப்பம் மாறத் தொடங்கிய தருணம் தெற்கைவிட வடக்கில் சுமார் 120 ஆண்டுகள் பிந்தியது என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரு ஏரிகளுக்கும் பொதுவாக ஒரே நாளில் முத்திரை குத்திய சாம்பல் இல்லாமல் அந்த இடைவெளியை அளந்திருக்க முடியாது.

இம்முறை பிழையற்றது என்று எண்ணிவிடலாகாது. ஃபரோ தீவுகளின் சாக்சுனார்வட்ன் ஏரியின் பெயரால் அழைக்கப்படும், சுமார் 10,300 ஆண்டுப் பழமையுள்ள கிரிம்ஸ்வோத்ன் சாம்பல் ஒரே வெடிப்பின் விளைவாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. சில நூற்றாண்டுக் காலத்தில் அம்மலை ஒரே இயைபுள்ள சாம்பலைப் பலமுறை கக்கியிருக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. அயர்லாந்துச் சதுப்புகளில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கிடைத்த ஒரு வெண்சாம்பலோ இன்னும் பெரிய பாடம். வடமேற்கு ஐரோப்பாவில் விழும் சாம்பல் ஐஸ்லாந்தினுடையதாகத்தான் இருக்க முடியும் என்ற முற்கோளால், பொருந்தும் மலை எதுவும் அத்தீவில் அகப்படாமலே அது பல ஆண்டுகள் ஐஸ்லாந்துக் கணக்கில் கிடந்தது. அது அலாஸ்காவின் சர்ச்சில் மலையிலிருந்து கண்டத்தையும் கடலையும் கடந்து வந்த வெள்ளாற்றுச் சாம்பல் என்பது 2014-இல்தான் வேதியியல் வழியே மெய்ப்பிக்கப்பட்டது.

இனி மேற்பரப்பின் வேதியியல். பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்களில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு ஆகியவற்றோடு ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் உண்டு. சாம்பல் தூணுக்குள் இவ்வாயுக்கள் குளிரும்போது கந்தக அமிலத் துளிகள் துணுக்குகளின்மேல் படிந்து கண்ணாடியை அரிக்க, வெளிப்பட்ட கால்சியம், சோடியம், அலுமினியம் ஆகியவற்றோடு ஃப்ளூரினும் குளோரினும் கந்தகமும் சேர்ந்து மெல்லிய உப்புத்தோலாக உறைகின்றன. இது மேற்பரப்பில் நடக்கும் வினை ஆதலால், துணுக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு ஒரு கிராம் சாம்பல் சுமக்கும் நஞ்சு கூடும். பெருமணிகள் மலையருகே விழுந்துவிட, நுண்தூளே தொலைவுக்குச் செல்கிறது. எரிமலை கண்ணுக்கே தெரியாத தூரத்து மாவட்டங்களில், புல்லின் பச்சையை மறைக்கக்கூடப் போதாத ஒரு மில்லிமீட்டர் படிவு ஆடுகளைக் கொன்றதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

இவ்வேதியியலின் கொடிய அதிகாரம் 1783 ஜூன் 8 அன்று லாக்கி என்ற குன்றின் இருபுறமும் நிலம் பிளந்தபோது தொடங்கியது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வாய்களிலிருந்து 1784 பிப்ரவரி 7 வரை எட்டு மாதங்கள் வெளிப்பட்டது பெரும்பாலும் ஓடும் குழம்பே. அதன் அளவு சுமார் 15 கன கிலோமீட்டர். சாம்பல் ஒப்பீட்டில் சிறிது. ஆயினும் அதோடு ஏறத்தாழ 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடும், பல லட்சம் டன் கணக்கில் ஃப்ளூரினும் காற்றில் கலந்தன. கிர்க்யுபையார்கிளாஸ்டுர் பகுதியின் லூத்தரன் போதகரான யோன் ஸ்டெய்ங்கிரிம்சன், ஜூலை 20 ஞாயிறன்று குழம்பு தேவாலயத்தை நோக்கி நெருங்கிக்கொண்டிருக்கையில் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தியதும், ஓட்டம் தேவாலயத்தை எட்டாமல் நின்றுவிட்டதும் ஐஸ்லாந்தில் பள்ளிக் குழந்தைகளும் அறிந்த செய்தி. அவர் அதே நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிவைத்த விரிவான அறிக்கை, அந்த வழிபாட்டின் புகழால் மறைக்கப்படக் கூடாத அறிவியல் ஆவணம்.

அவர் விலங்குகளை உற்றுப் பார்த்திருந்தார். மேய்ந்த குதிரைகளின் தசை வற்றி, முதுகுத் தோல் அழுகியதையும், செம்மறிகளின் மூட்டுகளிலும் விலா எலும்புகளிலும் தாடைகளிலும் முண்டுமுண்டாக எலும்பு வளர்ந்ததையும், மாடுகளுக்குக் குளம்பு கழன்றதையும், பட்டினியில் நோயுற்ற இறைச்சியைத் தின்ற மனிதருக்கும் ஈறு வீங்கி மூட்டுகள் தடித்ததையும் அவர் ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார். கடைவாய்ப் பற்கள் சீரின்றித் தேய்ந்து முள்போல் நீளும் நிலைக்கு ஐஸ்லாந்து ஆயர்கள் ‘கத்தூர்’ என்று பெயரிட்டிருந்தனர். அப்பற்களால் ஆடு புல்லை அரைக்க இயலாது, கன்னமும் நாவும் புண்ணாகித் தீனி இருந்தும் பட்டினியில் மடியும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாட்டின் செம்மறிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் மாடுகளில் ஏறத்தாழப் பாதியும் அழிந்தன. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நாட்டில் ஐந்தில் ஒருவர் மாண்டார். ஐஸ்லாந்து மக்கள் அக்காலத்தைப் ‘புகைமூட்டத்தின் துன்பம்’ என்ற பொருள்படும் பெயரால் நினைவுகூர்கின்றனர். அதே மூட்டம் ஐரோப்பா எங்கும் கோடைச் சூரியனைச் சிவக்கச் செய்ததும், பாரிஸில் தங்கியிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதற்கு ஐஸ்லாந்து எரிமலை காரணமாயிருக்கலாம் என்று ஊகித்ததும் பலராலும் எழுதப்பட்டுவிட்டன.

நோயின் காரணம் நூற்றைம்பது ஆண்டுகள் பெயரின்றியே இருந்தது. கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்த கிரையோலைட் என்ற ஃப்ளூரின் கனிமத்தைக் கோபன்ஹேகனில் அரைத்த தொழிலாளரின் எலும்புகள் விந்தையாகத் தடித்திருந்ததை ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் காய் ரோஹோம், அதே கண்ணோடு ஐஸ்லாந்தின் ‘கத்தூர்’ பற்களையும் பார்த்து, இரண்டும் ஒரே நஞ்சின் வேலை என்று இனங்கண்டார். ஃப்ளூரின் நச்சுமை பற்றிய அவரது பெருநூல் 1937-இல் வெளிவந்தது. அதே 1937-இல்தான் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் கிணற்றுநீர் குடித்தவர்களின் முதுகெலும்பு விறைத்துப்போனதற்கு ஃப்ளூரைடே காரணம் என்று ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகியோர் இந்திய மருத்துவ ஆய்விதழில் எழுதினர். தருமபுரி மாவட்டத்துக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்ததோ, அந்த நோயும் இதுவே. ஐஸ்லாந்தில் எரிமலையிலிருந்து ஒரே வாரத்தில் இறங்கும் ஃப்ளூரின், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பழம்பாறைகளின் கனிமங்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. எலும்பிலும் பல்லிலும் அது செய்வது மாறுவதில்லை: அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகத்தில் ஹைட்ராக்சில் அமர்ந்திருக்கும் இடத்தை ஃப்ளூரைடு பிடித்துக்கொள்கிறது, அளவு மிகும்போது பற்சிப்பி உருவாவது குலைந்து, எலும்பு கட்டுக்கடங்காமல் வளர்கிறது. ஒரேயடியாக மிகுதியாக உட்கொண்டால் இரத்தத்திலுள்ள கால்சியத்தை ஃப்ளூரைடு கட்டிப்போட்டு, விலங்கு சில நாட்களிலேயே விழுந்துவிடும்.

ஹெக்லா 1970 மே 5 அன்று வெடித்தபோது இவ்வறிவு சோதனைக்குள்ளாயிற்று. ஆடுகள் குட்டி ஈனும் பருவம் அது. குளிர்காலத் தீவனம் தீர்ந்து, மந்தைகள் புதுப்புல்லுக்கு வெளியேறியிருந்தன. வடக்கே வெகுதொலைவில் உள்ள மாவட்டங்களில் விழுந்த மெல்லிய சாம்பல் ஆயிரக்கணக்கான செம்மறிகளையும் குட்டிகளையும் கொன்றது. உலர்ந்த புல்லில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் ஃப்ளூரினே கேடு என்றிருக்க, முதல் நாட்களின் புல்லில் அதைப்போல் பலமடங்கு இருந்தது. சில வாரங்களில் மழை அதைக் கழுவி இறக்கிவிட்டது. அச்சாம்பலை ஆராய்ந்த நீல்ஸ் ஓஸ்கர்சன், ஃப்ளூரின் துணுக்கின் மேற்பரப்பில் எந்த வெப்பநிலையில் எந்த உப்பாகப் பற்றுகிறது என்பதை 1980-இல் விளக்கினார். இன்றைய புரிதலின் அடிப்படை அதுவே.

ஆஸ்க்யா மலை 1875 மார்ச் 28, 29 நாட்களில் கக்கிய வெளிறிய சாம்பலின் கதை வேறு விதமானது. கிழக்கு ஐஸ்லாந்தின் மேட்டுப் பண்ணைகளை அது மூடியது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நார்வேயிலும் ஸ்வீடனிலும் விழுந்ததை நார்வே வானிலையாளர் ஹென்றிக் மோன் நேரவாரியாகச் செய்தி திரட்டி வரைபடமாக்கினார். கனடாவின் மானிட்டோபாவில் அவ்வாண்டே உருவான ‘புதிய ஐஸ்லாந்து’ குடியிருப்பு முழுவதும் ஆஸ்க்யாவின் விளைவு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வெளியேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சாம்பல் அதை விரைவுபடுத்தியது என்பதே பொருந்தும்.

சாம்பலின் இருவகை வேதியியலும் ஒரே நேரத்தில் உலகின் கண்ணுக்கு வந்தது 2010-இல். எய்யாஃபியாட்லாயோகுட்ல் மலையின் பக்கவாட்டில் மார்ச் 20 அன்று தொடங்கி வழிந்தது சிலிக்கா 47 விழுக்காடளவில் உள்ள சாதாரண பசால்ட். ஏப்ரல் 14 அன்று பனி மூடிய உச்சி வெடித்தபோது வந்த சாம்பலில் சிலிக்கா 58 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. முந்தைய 1821–23 வெடிப்பிலிருந்து நிலத்தடியில் தங்கிப்போன சிலிக்கா மிகுந்த பழங்குழம்பில் புதிய பசால்ட் புகுந்து கலந்ததன் தடயம் அந்த எண்களில் இருந்தது. முதல் நாட்களில் உருகிய பனிநீர் வாயுக்களைக் கரைத்துக்கொண்டதால் சாம்பலில் கழுவி எடுக்கத்தக்க ஃப்ளூரைடு குறைவாக இருந்தது. பனி உருகித் தீர்ந்து குழம்பு நேரடியாகக் காற்றில் வெடிக்கத் தொடங்கியதும் அது பலமடங்காயிற்று. சாம்பலை வாளியில் ஏந்தி ஆய்வகத்துக்கு அனுப்பிய உழவர்கள், முடிவு வரும் முன்பே ஆடுமாடுகளைக் கொட்டிலில் அடைத்து உலர்புல் போட்டனர். அவர்களுடைய முன்னோருக்கு 1783-இல் அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

வானத்தில் பிரச்சினை கண்ணாடியால் வந்தது. விமானப் பொறியின் எரியறையில் உருகும் துணுக்கு, அடுத்துள்ள சுழலிதழ்களில் மீண்டும் இறுகிக் காற்றின் வழியை அடைக்கும். 1982-இல் லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு பொறிகளும் ஜாவா அருகே கலுங்குங் மலையின் சாம்பலில் அணைந்து, பின் மீண்டும் இயங்கியது அதற்கு முன்னுதாரணம். சாம்பல் இருக்கும் வான்வெளியில் அறவே பறக்கக் கூடாது என்பதே அன்றைய விதி என்பதால், ஏப்ரல் 15 முதல் ஒரு வாரத்துக்குள் சுமார் 1 லட்சம் விமானப் பயணங்கள் நீக்கப்பட்டன. விதி மிகையானது என்று அன்று எழுந்த கூக்குரலுக்கு, சிகுர்தூர் கிஸ்லசனும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஸ்டிப்பும் குழுவாகச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது: வெடிப்பின் உச்சத்தில் விழுந்த அச்சாம்பல் மிக நுண்ணியது, இரண்டு வாரம் நீரில் கலக்கிச் சுழற்றிய பின்னும் அதன் முனைகள் மழுங்கவில்லை, பொறியின் வெப்பத்தில் உருகவும் கூடியது. தடை நியாயமானதே, காற்றில் எவ்வளவு சாம்பல் இருந்தால் பறக்கலாம் என்ற அளவை அதுவரை வகுக்காமல் இருந்ததே தவறு. கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதை அடிப்படையாகக் கொண்ட வரம்புகள் அந்த நெருக்கடியின் நடுவில்தான் வகுக்கப்பட்டன.

கிரிம்ஸ்வோத்ன் 2011 மே 21 அன்று வெடித்து, முந்தைய ஆண்டினதைவிட உயரமாக, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் எழுந்த சாம்பல் தூணை உண்டாக்கியது. அச்சாம்பல் விரைவில் தரையிறங்கும் பருமணிப் பசால்ட். வெடிப்பும் ஒரு வாரத்தில் ஓய்ந்தது. அளவுவரம்பும் கையில் இருந்தது. அவ்வாண்டு ஐரோப்பாவில் நீக்கப்பட்ட விமானப் பயணங்கள் சுமார் 900.